தாளில் பொத்தான் அழுத்தியவர்

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸிலிருந்து தேக்கா போகும் பேருந்தில் மூன்று மாதமாக அவர் என் பக்கத்தில்தான் உட்காருவார். ஒட்டிய கன்னம், இஸ்திரி போட்ட சட்டை. கம்ப்யூட்டர் திரையை அச்செடுத்த தாள்களை மடியில் வைத்து, அதிலிருக்கும் பொத்தான்களை விரலால் அழுத்திக்கொண்டே வருவார்.

ஒரு நாள் அவரே பேசினார். "இன்னைக்கு மத்தியானம் எக்ஸாம், தம்பி. ஆடியோ சாஃப்ட்வேர் சர்டிஃபிகேட். கூடவே ஒரு வீடியோ சாஃப்ட்வேரும் தெரிஞ்சிருக்கணுமாம். ரெண்டையும் கம்பெனி வாங்கித் தரல. படத்தப் பாத்தே மனப்பாடம் பண்ணிட்டேன். எதக் கேட்டாலும் சொல்லிடுவேன் லா."

நான் அந்தத் தேர்வை எழுதியவன். "வாயால கேக்க மாட்டாங்கண்ணே. சாஃப்ட்வேரத் தொறந்து வேலை செஞ்சு காட்டணும்."

விரல் நின்றது. "பாஸாகலன்னா வேலை பெர்மிட் கிடையாது, ஊருக்குப் போன்னுட்டாரு முதலாளி."

அந்த முதலாளியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"தொறந்தா மொதல்ல என்ன வரும், தம்பி?"

என் மடிக்கணினியை எடுத்தேன். அந்த வீடியோ மென்பொருள் அதில் இருந்தது. அது திறப்பதற்குள் தேக்கா வந்துவிட்டது. அவர் இறங்கிப் போனார். அதன்பிறகு அவரைப் பார்க்கவில்லை.

முதலாளியை மட்டும் திட்டி என்ன பயன்? தினமும் அந்த மடிக்கணினியைப் பையில் சுமந்துகொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்ன படிக்கிறீங்க என்று ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை.