கம்ப்யூட்டரும் என் ஐந்து வளையல்களும்

சிநேகிதிகளே, இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஆபீஸ் காகிதத்தைத் தொட்டேன் என்று தெரிந்தால் அண்ணா என்னைத் தொலைத்துவிடுவான்.

வரிசையில் முதல் இரண்டை இடம் மாற்றலாம். அல்லது முதலாவதைக் கடைசிக்கு அனுப்பலாம். கலைந்த ஐந்து பொருட்களை இந்த இரண்டே அசைவுகளால் ஒழுங்காக்கும் வழியை அவன் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒரு காகிதத்தில் அச்சடித்துத் தந்திருந்தது.

செம்பூர் ஸ்டேஷனில் வாங்கிய என் கலர் வளையல்களை வைத்து அண்ணா செய்து பார்த்தான். வரிசை வரவில்லை.

"மெஷின் பேகார், ஒண்ணுத்துக்கும் உதவாது! நாளைக்கு ஆபீஸ்ல பெரிய சாப்கிட்ட சொல்லிடறேன்."

"நான் பாக்கட்டுமாண்ணா?"

"நீ வளையல் போட்டுக்கறதோட நிறுத்திக்கோடி."

அவன் குளிக்கப் போனதும் நானே செய்தேன். காலேஜ் கணக்கில் இப்படிப்பட்ட அசைவுகளை வலமிருந்து செய்வார்களாம்; அந்தப் பழக்கத்தில் அவன் காகிதத்தையும் வலமிருந்து படித்திருக்கிறான். இடமிருந்து செய்தால் வரிசை அப்படியே வருகிறது!

சொன்னால் எனக்குத் திட்டு. சொல்லாவிட்டால் நாளை ஆபீஸே அவனைப் பார்த்துச் சிரிக்கும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

குளித்துவிட்டு வந்து அறைக் கதவைத் தட்டுகிறான். அவனுக்குச் செய்துகாட்ட வளையல்களை எடுத்துக்கொண்டேன்.