செல்ஃப் டைமர்

பழைய கேமரா கடையில் இரண்டு பிலிம் கேமராக்கள் இருந்தன. நான் கனமானதை எடுத்தேன்.

"இது தூக்கிட்டுத் திரிய ஏலாது தம்பி" என்றார் கடைக்காரர்.

"லென்ஸ் நல்லாருக்குண்ணே" என்று சமாளித்தேன். உண்மையில், அதில்தான் செல்ஃப் டைமர் இருந்தது. வேலைக்காகத் திண்டுக்கல் வந்த என்னைப் படமெடுக்க இங்கே யாருமில்லை.

சிறுமலையில் கேமராவைத் தடுப்புச்சுவரில் வைத்து, டைமரைத் தட்டிவிட்டு ஓடி ஓடிப் போய் அதன் முன் நின்றேன். வாழைத்தாரோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அக்கா எழுந்து வந்தார்.

"ஏம்ப்பா இம்புட்டு ஓட்டம்? குடு, நான் எடுக்குறேன்."

எடுத்ததும், "எங்க, காட்டு" என்றார்.

"இதுல உடனே தெரியாதுக்கா. பிலிமைக் கழுவணும்."

"அப்ப என்னைக்குக் காட்டுவ?"

பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

அவர் எடுத்த படம் கோணல்தான். ஆனாலும் பிரிண்டோடு ஞாயிறுதோறும் மலையேறுகிறேன். அவரை இன்னும் காணவில்லை. என்னிடம் படம் காட்டச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.