பாடுகிறவர் எந்தப் பக்கம்?

எங்கள் வீட்டில் ஸ்பீக்கர் ஒரே ஒரு ஜோடிதான். அதற்கு ஆம்ப்ளிபயர் இரண்டு வந்து சேர்ந்ததில்தான் சண்டை ஆரம்பித்தது. ஒன்று அப்பாவுடையது. ஜப்பானில் செய்தது, வெள்ளி நிற முகத்தில் ஊசி மீட்டர்கள் ஆடும். இன்னொன்று சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கைக்குழந்தையைப் போலக் கொண்டுவந்த இங்கிலாந்துப் பெட்டி. கறுப்பாக, எந்த அலங்காரமும் இல்லாமல் இருக்கும். குத்தாலம் பக்கத்தில் நெல் போடுகிற குடும்பத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தாள். அண்ணன் தம்பி இருவருக்கும் வேறு கெட்ட பழக்கம் இல்லை என்பதால் பொறுத்துக்கொண்டாள்.

அப்பாவின் பெட்டியில் வயலின் தனி, தபேலா தனி, பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடத் தனியாகக் கேட்கும். பழைய அரிசிச் சோறு மாதிரி பருக்கை பருக்கையாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பருக்கையை எண்ணிக்கொண்டா சாப்பிடுவார்கள் என்பார் சித்தப்பா. அவருடைய பெட்டியில் குரல் கதகதப்பாக, பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல வரும். அப்பா அதற்கு வைத்த பெயர் குழைசல். இரண்டும் ஒரே பாட்டைத்தானே பாடுகிறது என்று அம்மா கேட்டதற்கு இரண்டு பேருமே தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

சண்டையில் சேராத ஒரே ஆள் அத்தை, அப்பாவின் தங்கை. அவருக்குச் சின்ன வயதிலேயே காது கேட்காமல் போய்விட்டது. பாட்டு ஓடும்போது வந்து ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். எந்த ஆம்ப்ளிபயர் ஓடினாலும் அதே சிரிப்புதான்.

சித்தப்பாவின் லீவு முடியப்போனது. எந்தப் பெட்டி வீட்டில் இருப்பது, எது பரணுக்குப் போவது என்று முடிவு செய்தாக வேண்டும். சின்னப் பிள்ளையின் காதுதான் சுத்தமான காது, அது கட்சி பார்க்காது என்று சொல்லி என்னை நீதிபதி ஆக்கினார்கள். அறுவடை முடிந்த சமயம் அது. நான் களத்து நெல் குவியலில் குதித்துப் புரண்டுகொண்டிருந்தவள், உடம்பெல்லாம் அரிக்கிற நெல் சுணையோடு அப்படியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நல்ல பெட்டி என்றால் பாடுகிறவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்பது போலக் கேட்கும், எங்கே நிற்கிறார் என்று கை காட்டினால் போதும் என்றார்கள்.

முதலில் அப்பாவின் பெட்டி. நான் வலது ஸ்பீக்கரைக் காட்டினேன். இடது பக்கம் படுத்துவிட்டது என்று சித்தப்பாவுக்கு ஒரே குஷி. அவருடைய பெட்டியை மாட்டினார்கள். அதிலும் வலதுதான். இப்போது அப்பாவின் முறை, அவர் வாய்விட்டே சிரித்தார். ஒயரை இடம் வலமாக மாற்றினார்கள். ஸ்பீக்கரையே தூக்கி மாற்றி வைத்தார்கள். பாடுகிறவர் வலது பக்கத்தை விட்டு நகரவே இல்லை. எனக்கு அலுத்துவிட்டது.

சித்தப்பா கடைசியில் என் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி, முதுகை ஸ்பீக்கருக்குக் காட்டி உட்காரச் சொன்னார். நான் மறுபடியும் என் வலது கையைத்தான் நீட்டினேன். இத்தனை நேரம் நான் காட்டாத பக்கத்து ஸ்பீக்கர் இப்போது அந்தக் கைப்பக்கம் இருந்தது. சித்தப்பாவின் சிரிப்பு நின்றுபோனது. என் முன்னால் வந்து குனிந்து, வலது காதைப் பொத்தினார். அவர் உதடு அசைந்தது தெரிந்தது. குரல் ரொம்பத் தூரத்திலிருந்து வந்தது. கையை எடுத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

"பெட்டியில ஒண்ணும் இல்லண்ணே. புள்ள காதப் பாருங்க."

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை இன்னும் ஸ்பீக்கர் மேல் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா ஆம்ப்ளிபயரை அணைக்காமலே காரை எடுக்க ஓடினார்.

மயிலாடுதுறை டாக்டரிடம் போனோம். வழியில் அப்பா, "முந்தாநேத்து கூப்பிட்டு திரும்பலன்னு குட்டுனேன்டா" என்று சித்தப்பாவிடம் சொன்னார். குட்டு எனக்கு மறந்தே போயிருந்தது.

டாக்டர் என் இடது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சொட்டு மருந்து விட்டு ஊற வைத்தார், பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சினார். கிண்ணத்தில் அழுக்கோடு அழுக்காக ஒரு நெல் விழுந்தது. இடுக்கியால் அதை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"உங்க வீட்டு நெல்லுதான். காதுக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு."

அப்பா அந்த நெல்லைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு டாக்டர் முன்னாலேயே அழுதார். ஒரு நெல் வீணாய்ப் போனதற்கு இப்படி அழுவார்களா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நானே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். பாட்டைப் போட்டார்கள். பாடுகிறவர் நேராக என் எதிரில், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து நின்றார். "நடுவுல" என்றேன். சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அத்தைக்கு அப்பா தன் காதைத் தொட்டு, கையை ஆட்டி ஏதோ விளக்கினார். அத்தை என் இடது காதில் முத்தம் கொடுத்தார், பிறகு அப்பாவின் தலையைத் தடவினார். அப்பா மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தைக்கு ஜுரத்தில் காது போனதை வெகுநாள் யாரும் கவனிக்கவில்லை என்பதும், கூப்பிட்டால் திரும்பாத திமிர் என்று சொல்லி அவர் தலையில் அதிகம் குட்டியவர் அப்பாதான் என்பதும் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எனக்கிருந்த கவலையே வேறு. இரண்டு பெட்டியையும் மறுபடி கேட்டுத் தீர்ப்பைத் தயாராக வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் அப்பாவிடம் நானே போனேன்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு பாப்பா" என்றார்.

லீவு முழுக்கச் சண்டை போட்ட மனிதர் இப்படிப் பேசலாமா என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவர் என்னைச் சும்மா சும்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் வேண்டா வெறுப்பாகத் திரும்பிப் பார்ப்பேன். ஒன்றுமில்லை, போ என்பார்.