தும்பங்கொடிக்கு மாப்பிள்ளை தேடியவர்

இராசாத்தி மாமியின் வேலியில் அந்த வருடம் பூவுக்குக் குறைவில்லை, காய்தான் ஒன்றுமில்லை.

1993ஆம் ஆண்டு. சண்டைக்குப் பயந்து கொக்கட்டிச்சோலையில் பலர் வயல் வட்டையில் விதைக்கவில்லை. வேலித் தும்பங்கொடி காய்த்தால்தான் மாமி கூடையோடு தோணியேறிக் காத்தான்குடிச் சந்தைக்குப் போகலாம், அடுப்பும் எரியும். பாகல் இனத்தில் முட்டையளவாய், மெல்லிய முள் போர்த்த காய் அது. கோடையில் கொடி கருகிவிடும். மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு மழைக்குத் திரும்ப முளைக்கும்.

போன கோடையில் மாமியின் புருசன் தங்கராசா, பூத்தும் காய்க்காத கொடிகளின் கிழங்குகளைக் கிண்டி எறிந்துவிட்டு மரவள்ளி நட்டிருந்தார். மாமியும் தடுக்கவில்லை.

இப்போது மாமி ஒவ்வொரு பூவாகப் பிரித்துப் பார்த்தார்.

"என்ன கா, பூவோட கதைக்கிறாய்?" என்றார் தங்கராசா.

"இஞ்ச பாருங்க. எல்லாப் பூவுக்கும் கீழ குட்டிக் காய் இருக்கு. ரெண்டு நாளில பழுத்து விழுது. நீங்க கிண்டின கொடியில இப்பிடி இல்ல. மொட்டை ஒரு சின்ன இலை முக்காடு மாதிரி மூடியிருக்கும். அது ஆண் கொடி."

"கொடியில ஆம்பிளை பொம்பிளையா? வெளிய சொல்லிராத, சிரிப்பாங்க."

"பப்பாசியில இல்லையா?"

தங்கராசா வெற்றிலையை மடித்தார்.

மாமி இரண்டு நாள் பற்றை புதரெல்லாம் ஆண் கொடி தேடினார். கடைசியில் போராளி இயக்கத்தின் காவலரண் முள்கம்பியில்தான் முக்காடு போட்ட மொட்டுகளைக் கண்டார்.

"அங்க என்ன அம்மா செய்யிறீங்க?" என்று காவலுக்கு நின்றவர் அதட்டினார்.

"பூப் பறிக்க வந்தன் தம்பி."

"கோயிலுக்கா?"

"இல்ல. வீட்டில பொம்பிளைகள் காத்திருக்கிதுகள். மாப்பிள்ளை எடுக்க வந்தன்."

மாமி விளக்கியதைக் கேட்டவர், சிரித்துக்கொண்டே எட்டாத மொட்டுகளையும் துவக்குக் கட்டையால் வளைத்துக் கொடுத்தார்.

மொட்டுகள் தண்ணீர்ச் சிரட்டையில் கிடந்து, பொழுது சாயும்போது விரிந்தன. வேலிப் பூக்களும் அந்நேரம்தான் விரியும். மாமி ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, நடுவிலிருந்த மஞ்சள் தூளை ஒவ்வொரு பெண் பூவிலும் தொட்டார். இரண்டு பூக்களை மட்டும் வேண்டுமென்றே விட்டார். தன் எண்ணம் சரியா என்று அறியும் ஆசை.

மூன்றாம் நாள் அந்த இரண்டும் மஞ்சளாகி விழுந்தன. மற்றவை பச்சையாய்ப் பருத்தன. விழுந்த இரண்டையும் மாமி தங்கராசாவின் சோற்றுக் கோப்பையில் வைத்தார்.

"மற்றது கூடைக்கு. உங்கட அறிவுக்கு இதுதான் கறி."