கோர்ட்டுக்குப் போகிற புடவை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு திருவண்ணாமலையில் தொழிலுக்கு வந்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூர். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்பு கோர்ட்டுப் படி ஏறியவர்கள் எல்லாம் வரப்புத் தகராறுக்காக ஏறியவர்கள். கணவருக்கு வங்கியில் வேலை. வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீட்டில் மாமனார் மாமியாரோடு இருந்தோம். மருமகள் வக்கீல் என்பதில் மாமியாருக்கு ஏகப் பெருமை. காய் விற்க வருகிறவரிடம்கூட, "பாத்து எடை போடுப்பா, எங்க வீட்ல வக்கீல் இருக்காங்க" என்பார்.

நான் ஜூனியராகச் சேர்ந்த சீனியர் வக்கீலிடம் அதற்கு முன் பெண்கள் யாரும் வேலை பார்த்ததில்லை. முதல் நாள் அவர் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கட்டியிருந்த கிளிப்பச்சைப் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கலரெல்லாம் கல்யாணத்துக்கும்மா. கோர்ட்டுக்கு வெள்ளைதான். வெள்ளைப் புடவை, கறுப்புக் கோட்டு, கழுத்துல பட்டை. ஜட்ஜு நம்ம வாதத்தைக் கேக்கணும். பார்டரைப் பாத்துக்கினு உக்காரக் கூடாது."

அன்று மாலையே கணவரோடு தேரடி வீதிக்குப் போனேன். அவர் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். நான் மட்டும் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்கம்மா, வாங்க. பட்டா, காட்டனா?"

"வெள்ளைப் புடவை வேணுங்க. கரை எதுவும் இல்லாம, ப்ளெயினா."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. திரும்பிப் பார்த்து, டேப் ரெக்கார்டரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்பம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

வக்கீலாகப் பதிவு செய்ததைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். சீனியர் சொல்லி வைத்திருப்பாரோ என்னவோ.

"போன மாசம்தாங்க."

"திடீர்னா?"

"இல்லைங்க. ரொம்ப நாளா காத்துக்கினு இருந்தோம். ஒரு வழியா முடிஞ்சுது. வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். அப்பா ஊரெல்லாம் ஸ்வீட் குடுத்தாரு."

கடைக்காரர் கையிலிருந்த புடவையைக் கீழே வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கணவர் உள்ளே வந்து, "இன்னா, கெடச்சுதா?" என்றார்.

"இவரு யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரருங்க."

கடைக்காரர் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். நான் வக்கீல் தொழிலைப் பற்றி விளக்கிச் சொல்லி முடித்த பிறகுதான் பாட்டு மறுபடி ஓடியது. கணவருக்கு மட்டும் ஒரு கோலி சோடா வரவழைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை மாமியார் அந்தப் பையைப் பிரித்தார். கணவர் கீழே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது?"

"கோர்ட்டுக்குக் கட்றதுக்கு, அத்தை. சீனியர் சொன்னாரு."

"எம்புள்ள கல்லு மாதிரி உக்காந்து இட்லி துன்னுகினு இருக்கான். நீ வெள்ளைப் பொடவ கட்டிக்கினு தெருவுல எறங்குனா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

தான் உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்டுவதைப் போலக் கணவர் இன்னும் இரண்டு இட்லி போடச் சொன்னார்.

வேலைக்குப் போக வேண்டாம் என்று மாமியார் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வெள்ளையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதனால் அவருக்குத் தெரிந்த பரிகாரங்களை ஒவ்வொன்றாகச் செய்தார். புதுத்துணியின் மூலையில் துளி மஞ்சள் தடவுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். முதல் புடவைக்குத் துளியில் தொடங்கியவர் அடுத்த புடவைக்கு முந்தானை ஓரம் முழுக்கத் தடவினார். பிறகு துவைத்து அலசுகிற தண்ணீரிலேயே மஞ்சளைக் கலந்துவிட்டார். நெற்றியில் எட்டணா அளவுக்குக் குங்குமம் வைத்துவிடுவார். தலையில் இரண்டு முழம் கதம்பம். கை நிறையக் கண்ணாடி வளையல். தாலிக்கொடியை வேறு கோட்டுக்கு மேலே எடுத்து விட்டு அனுப்புவார். தெருமுனை திரும்பியதும் நான் அதை உள்ளே போட்டுக்கொள்வேன்.

சீனியர் என் முந்தானையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சாம்பார் கொட்டிடுச்சா?" என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வழக்குக் கட்டைப் பிரிக்கப் போய்விட்டார்.

இப்படி ஆளாளுக்கு அலங்கரித்ததில் நான் என்ன மாதிரி இருக்கிறேன் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது. ஒரு பௌர்ணமி அன்று தெரிந்தது. பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் பஸ்ஸெல்லாம் வழி மாற்றி விடுவார்கள், ஆட்டோ கிடைக்காது. கோர்ட்டு முடிந்து, கோட்டைக் கழற்றிப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே நடந்தேன். செருப்பு வார் அறுந்துபோனதால் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். மஞ்சளேறிய வெள்ளைப் புடவை, பெரிய குங்குமம், தலை நிறையப் பூ, வெறுங்கால். போதாக்குறைக்கு வெயிலில் நடந்த களைப்பில் கண்ணை வேறு மூடியிருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது ஓர் அம்மாள் என் காலில் விழுந்து கிடந்தார். பக்கத்தில் அவர் கணவரும் கல்யாண வயதில் ஒரு பெண்ணும் கைகூப்பி நின்றார்கள். வெளியூர்க்காரர்கள்.

"அம்மா, பொண்ணுக்கு வரனே அமைய மாட்டேங்குது. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"ஐயோ, எழுந்திருங்க. நான் வக்கீலுங்க."

"அப்படின்னா எங்களுக்காக அண்ணாமலையாருகிட்ட வாதாடுங்கம்மா!"

"எல்லாம் நல்லபடியா நடக்கும், போய்ட்டு வாங்க" என்றேன். அது தப்பாகப் போயிற்று. எனக்கு முன்னால் ஒரு வரிசை உருவாகிவிட்டது. ஒருவர் எலுமிச்சம்பழம் வைத்தார். இன்னொருவர் வாழைப்பழச் சீப்பை மடியில் போட்டார். நான் அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து ஓடுவதைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரோடு சிக்கிக்கொண்டிருந்த ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு வழக்கில் எனக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அவர்.

மறுநாள் அந்த வழக்கு வந்தது. அவர் எழுந்து, "ஐயா, அடுத்த வாய்தா எப்பன்னு அம்மா அருள்வாக்கு குடுத்தாங்கன்னா நாங்க கெளம்பிடுவோம்" என்றார். ஜட்ஜ் புரியாமல் விழித்தார். அவருக்கு விஷயத்தைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வெகுநேரம் குனிந்தே இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் "சாமியாரம்மா" ஆகிவிட்டேன். எனக்கு அழுகையாகவும் வந்தது, சிரிப்பாகவும் வந்தது.

செய்தி வேங்கிக்காலுக்கு வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மாமியாரிடம், "உங்க மருமக ஆசிரமத்துல சேந்துட்டாங்களாமே, பாவம், கல்யாணமாயி ஒரு வருஷம்கூட ஆகலயே" என்று துக்கம் விசாரித்திருக்கிறார். அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் மாமியார் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கோர்ட்டு வராந்தாவில் வந்து நின்றார். நேராக என் சீனியரிடம் போனார்.

"நீங்கதான் எங்க பொண்ண வெள்ளைப் பொடவ கட்டச் சொன்னீங்களா?"

"ஆமாம்மா. அது கோர்ட்டு வழக்கம்..."

"வழக்கம் கெடக்கட்டும். எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு?"

காலமெல்லாம் மற்றவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பிழைத்தவர் அவர். திரும்பிச் சக வக்கீல்களைப் பார்த்தார். ஒருவர், எழுதியிருக்கிறது என்றார். இன்னொருவர், எழுதவில்லை ஆனால் உண்டு என்றார். மூன்றாமவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு நழுவினார்.

"நாங்களும் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட்டுதாம்மா போடறோம்" என்று சீனியர் சமாதானமாகச் சொன்னார்.

"நீங்க போட்டா உங்க வீட்டம்மா போயிட்டாங்களான்னு யாரும் கேக்கறதில்ல. இவ போட்டா எம்புள்ளயக் கேக்கறாங்க. கடையில சோடா வாங்கிக் குடுக்கறாங்க!"

வராந்தாவில் இருந்த கட்சிக்காரர்கள் எல்லாம் அவரவர் வழக்கை மறந்து சுற்றி நின்றுவிட்டார்கள். சீனியர் கடைசியில், விசாரித்துச் சொல்வதாக வாய்தா கேட்டார். மாமியார் ஒரு வாரம் கொடுத்தார்.

நல்ல வேளையாக, அந்த வாரமே ஒரு சொத்து வழக்குக்காகச் சென்னையிலிருந்து ஒரு மூத்த பெண் வக்கீல் வந்தார். கவுனுக்குக் கீழே வெளிர் நீலப் புடவை. ஜட்ஜ் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கு முடிந்ததும் சீனியர் என்னையும் அழைத்துக்கொண்டு அவரிடம் போய், தயங்கித் தயங்கி, "நீங்க கட்டியிருக்கற கலரு..." என்று இழுத்தார்.

"பூ, டிசைன் இல்லாம வெளிர் கலர் எதுவும் கட்டலாம் சார். விதியிலயே இருக்கே. நீங்க படிச்சதில்லையா?"

"படிச்சிருக்கேன், படிச்சிருக்கேன்" என்றார் சீனியர்.

நான் வீட்டுக்கு வந்து, வெளிர் நிறம் கட்டலாமாம் என்று சொன்னேன். மாமியார் அப்போதே கிளம்பிப் போய் ஒரு புடவை வாங்கி வந்தார். மாம்பழ மஞ்சள். அதில் ஒரு சாண் அகலத்துக்கு மிளகாய்ச் சிவப்புக் கரை.

"அத்தை, இது வெளிர் இல்லையே!"

"கடையில இருக்கறதுலயே சாதுவா இதான் இருந்துச்சு."

அதைச் சீனியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "வேணாம்மா, ஆளுங்க சிக்னல்னு நெனச்சு நின்னுடுவாங்க" என்றார்.

நானும் கணவரும் மாமியாருமாகத் தேரடி வீதியில் அதே கடைக்குப் போனோம். கடைக்காரர் கணவரைப் பார்த்ததும், "சார், உடம்பெல்லாம் நல்லா இருக்குதுங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். வெகுநேரம் புரட்டி, சந்தன நிறத்தில் ஒரு நூல் புடவையை எடுத்தோம். "சந்தனமா? மங்களகரமான கலரு" என்றார் மாமியார். மறுநாள் சீனியர், "சந்தனமா? ஏறக்குறைய வெள்ளைதானே" என்றார். இரண்டு பேரும் தாங்கள்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அது போதும். அதன்பின் பல வருஷம் சந்தனமும் சாம்பலும் வெளிர் நீலமுமாகவே கோர்ட்டுக்குப் போனேன். தலையில் பூ மட்டும் ஒரு முழத்துக்குக் குறைந்ததே இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மாமனார் காலமானார். காரியத்தன்று மாமியாரின் அண்ணன் வீட்டார் கோடித்துணி கொண்டுவந்தார்கள். தட்டில் வெள்ளைப் புடவை. உறவுப் பெண்கள் அதை எடுத்து மாமியாரின் தோளில் போடப் போனார்கள். அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்த மாமியார் அந்தப் புடவையை ஒரு பார்வை பார்த்தார்.

"இதெல்லாம் வக்கீலுங்க கட்றது. நான் இன்னா கோர்ட்டுக்கா போறேன்?"

சாவு வீடு. யாரும் சிரிக்கத் துணியவில்லை. என் கணவர்தான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அண்ணன் மனைவி, "ஊர் வழக்கம்..." என்று ஆரம்பித்தார். மாமியார் உடனே என் பக்கம் கையைக் காட்டி, "அவளக் கேளு. எந்தச் சட்டத்துல இருக்குன்னு அவ சொல்லட்டும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எதுலயும் இல்லீங்க" என்றேன். வக்கீலாக நான் அவ்வளவு சுருக்கமாக வாதாடியது அன்று மட்டும்தான்.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு அவரைக் கடைக்கு அழைத்துப் போனேன். சாம்பல், மரக்கலர், மங்கிய பச்சை என்று நானாக ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவர் எதையும் தொடவில்லை. கடைசியில் மேல் அலமாரியைக் காட்டினார்.

"அந்த ரோஸ எடுக்கறதுக்கு இவ்ளோ நேரமா? நீ எல்லாத்தையும் கோர்ட்டுக்கு வாங்கற மாதிரியே வாங்கற."

அந்த ரோஸ் புடவையைக் கட்டிக்கொண்டுதான் மறுநாள் காலை தெருவில் இறங்கிக் காய் வாங்கினார்.