கிராப்புக் கோழிக்கு ஒரு மெதாய்

போன வாரம் என் மனைவி செல்வி புது செல்போன் வாங்கினாள். அலாரத்துக்குச் சேவல் கூவுகிற சத்தத்தை வைத்துத் தொலைத்திருக்கிறாள். காலையில் அது கூவியதும் நான் துள்ளி எழுந்து, "மிசியே எறங்கி வரப்போறாரு, அத புடி" என்று பால்கனிக்கு ஓடினேன். நாங்கள் இப்போது இருப்பது நெல்லித்தோப்பில் மூன்றாவது மாடி. மிசியே செத்து வருஷங்கள் ஆகின்றன. செல்வி சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.

மிசியே என்று நாங்கள் பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிட்டது எங்கள் பழைய வீட்டுக்காரரை. கல்யாணமான புதிதில் உப்பளத்தில் அவர் வீட்டுக் கீழ்ப்பகுதியில்தான் குடியிருந்தோம். அவர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். மகன் பாரீசில், இவர் மாடியில் தனியாக. காலையில் காப்பி மணமும் வறுத்த ரொட்டி மணமும் படியிறங்கி வரும். பின்னாலேயே அவர் கோபமும் வரும். தண்ணி மோட்டார், பக்கத்து வீட்டு மிக்சி, பால்காரன் மணி என்று சத்தம் போடும் எல்லாவற்றோடும் அவருக்கு ஜென்மப் பகை. அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் நான் சேவலைக் கொண்டுவந்தேன். புத்தி எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள், செல்வி கேட்டுவிட்டாள்.

அப்போது எனக்குச் சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் வேலை. உருகிய பிளாஸ்டிக் வாடை மூக்கைவிட்டுப் போகாது. சாப்பாட்டு நேரத்தில் வேலியோரம் போய் நின்றால் சாணி வாடை வரும், அதுவே எனக்கு ஊதுபத்தி. அங்கேதான் ஒருநாள் குப்பைமேட்டில் அந்த ஜோடியைப் பார்த்தேன். தலையில் இறகு இருந்தது, உடம்பில் இருந்தது, கழுத்து மட்டும் செக்கச்செவேலென்று மொட்டை. யாரோ உரிக்க ஆரம்பித்து, போன் வந்ததும் பாதியில் எழுந்து போன மாதிரி இருந்தன.

அது கிராப்புக் கோழியாம். வேலிக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்காரம்மா சொன்னார். முன்பு அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு கிடந்ததாம், இப்போது அவருக்குத் தெரிந்து இந்த இரண்டுதான் மிச்சமாம். நிலத்தை விற்றாயிற்று, ஞாயிற்றுக்கிழமை இவையும் குழம்பு என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அட்டைப்பெட்டியில் போட்டுப் பஸ் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

செல்வி விவசாயக் குடும்பத்துப் பெண். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இன்னாங்க, சொறி புடிச்சத வாங்கியாந்துருக்கீங்க?" என்றாள். ஆனால் கூண்டு கட்டியதும் கம்பு போட்டதும் அவள்தான். பெட்டை முட்டையிட ஆரம்பித்தது. முட்டைகளை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாள். நான் ஆம்லெட் கேட்கும்போதெல்லாம் 'அப்புறம்' என்பாள்.

சேவலோ விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். சில நாள் பொறுத்த மிசியே கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். "தம்பி, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ஊடு என்னுது" என்றார். சரி, பத்திரமாக இருக்கட்டும் என்று சேவலைப் பாகூர்ப் பக்கம் மாமியார் வீட்டில் விட்டுவந்தோம்.

அடுத்த வாரமே அதைப் பார்க்கக் கிளம்பினேன். வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியதுதான் நான் செய்த தப்பு. மாப்பிள்ளை வருகிறார் என்றால் எங்கள் பக்கம் கோழி அடிக்காமல் இருப்பார்களா? இலை போட்டார்கள். மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டேன். கை கழுவிக்கொண்டே, "எங்க அத்த நம்ம சேவல்?" என்று கேட்டேன்.

மாமியார் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இப்பதான மாப்ள துன்னீங்க? இருந்ததுலயே அதான் நல்லா கொழுகொழுன்னு இருந்துச்சு. கழுத்துல மயிரு இல்லாததால உரிக்கவும் சுளுவா போச்சு."

குழம்பு அபார ருசி. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து அரிசி டின்னைத் திறந்தோம். இனி இந்த முட்டைகள் பொரித்தால் உண்டு, இல்லையென்றால் கிராப்புக் கோழி என் வயிற்றோடு சரி. பெட்டையும் அடைக்கு உட்கார்ந்தது. இடிச் சத்தத்தில் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று செல்வி கூடையில் கரித்துண்டும் இரும்பு ஆணியும் போட்டாள். அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது, ஜூலை பதினாலு வருகிறது. பிரெஞ்சுக்காரர்களின் திருநாள், பீச்சில் விடுகிற வாணவேடிக்கைக்கு உப்பளத்து ஜன்னல்கள் அதிரும். ஓர் ஆணி இடிக்கே பத்தாது, இதுக்கு எப்படி என்று செல்வி கண் கலங்கினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மிசியேவிடம் போய், உங்களால்தான் சேவல் செத்தது என்று சொல்லிவிட்டேன். அவர் இறங்கி வந்து, கூடையில் கிடந்த ஆணி எதற்கு என்று மட்டும் செல்வியிடம் கேட்டுக்கொண்டு போனார்.

ஜூலை பதினாலு சாயங்காலம், அணிவகுப்புக்குப் போட்ட கோட்டோடும் நெஞ்சில் பதக்கங்களோடும் கூடை முன்னால் வந்து நின்றார். பதக்கத்தை அவர் மெதாய் என்பார். ஒன்றைக் கழற்றி முட்டைகளுக்கு நடுவே வைத்தார்.

"குண்டு சத்தத்துல நின்னு வாங்குன மெதாய், தம்பி. இந்தப் பட்டாசுக்கெல்லாம் அசையாது."

மிசியே, இது இரும்பில்லையே, வெண்கலமாச்சே என்று வாயெடுத்தேன். செல்வி முறைத்தாள். பெட்டை அவர் விரலில் ஒரு கொத்து கொத்திவிட்டு மெதாய்மேலேயே உட்கார்ந்தது. வேட்டு ஓய்கிறவரை கோட்டைக் கழற்றிக் கூடைமேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

குஞ்சுகள் பொரித்தன. ஒவ்வொன்றுக்கும் சிவப்புக் கழுத்து. மெதாயைச் செல்வி சோப்புப் போட்டுத் தேய்த்தும் நாடாவில் எச்சக் கறை போகவில்லை. அந்தக் குஞ்சுகளில் ஒன்று சேவலாகி முதல்முறை கூவிய காலையில் நாங்கள் நடுங்கிப்போய் மாடியைப் பார்த்தோம். மேலிருந்து குரல் வந்தது: "கத்தட்டும் வுடு. எனக்கும் பேச ஆள் இல்ல."

அவர் இறந்தபோது மகன் வந்து சவப்பெட்டிமேல் மெதாய்களை வரிசையாக வைத்தார். ஒன்றன் நாடாவில் மட்டும் கறை. மகன் கைக்குட்டையை நனைத்துத் துடைத்துப் பார்த்தார். செல்வி மெல்லச் சொன்னாள்: "அது போவாதுங்க. இருக்கட்டும்."

பிறகு வீடு விற்றுப்போனது, இப்போது அங்கே அபார்ட்மெண்ட். கோழிகளைச் சேதராப்பட்டில் தெரிந்தவரிடம் விட்டோம். மாமியார் வீட்டுக்கு மட்டும் அனுப்பவில்லை. போன மாதம் போய்ப் பார்த்தால் அங்கே குடோன் நிற்கிறது. கிராப்புக் கோழி என்றால் யாருக்கும் தெரியவில்லை. மொட்டைக் கழுத்து என்று கைகாட்டி விளக்கினேன், சிரித்தார்கள்.

இன்று காலையும் போன் கூவியது. அணைக்கக் கை நீட்டினேன். செல்வி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "கத்தட்டும் வுடுங்க."