நன்றிப் பக்கத்தில் இல்லாத பெயர்

ராசு அக்கா போய்விட்டார் என்ற செய்தி பதுளையில், நான் படிப்பிக்கும் பாடசாலையின் இடைவேளையில் வந்தது. தம்பிதான் தொலைபேசியில் அழைத்தான். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தோட்டத்து லொறி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "அக்கா, கேக்குதா?" என்று தம்பி இரண்டு முறை கேட்டான். கேட்டது. அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம் வந்தது. அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை நான்கு வருடங்களாக நான் சொல்லாமல் வைத்திருந்தேன்.

பதினாறாம் நாள் கொடுக்கும் இந்தச் சிறு நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி லயத்து வரிசை வீடுகளில் உள்ளவர்கள் என்னிடம் கேட்டார்கள். தோட்டத்தில் பட்டம் பெற்ற பிள்ளை என்று கேட்டிருப்பார்கள். அவருக்கு நான் எவ்வளவு நெருக்கம் என்று நினைத்தும் கேட்டிருப்பார்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

லயத்தில் எங்கள் ஓரறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவருடையது. நமுனுகுல மலையை மூடும் மூடுபனி முதலில் அவர் வாசலில் இறங்கி, பிறகுதான் எங்கள் வாசலுக்கு வரும். பல்கலைக்கழகத்தின் கடைசி வருடத்தில், ஓர் ஆங்கில வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருள், வழக்கு, பிறப்பு எல்லாவற்றையும் ஆராய்ந்து எழுதச் சொன்னார்கள். நான் 'ப்ளக்' என்ற சொல்லை எடுத்தேன். கொழுந்து எடுப்பதற்கும், பூப் பறிப்பதற்கும், கோழியின் இறகைப் பிடுங்குவதற்கும், வீணைக் கம்பியை மீட்டுவதற்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்தான். விடுமுறையில் வந்து அதை ராசு அக்காவிடம் சொன்னேன்.

அவர் இடுப்பில் கட்டிய படங்கைக் கழற்றிக்கொண்டே கேட்டார். அந்தச் சொல்லின் வேர் முடியைப் பிடுங்குவதைக் குறிக்கும் ஒரு பழைய லத்தீன் சொல்லாக இருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மசிரப் புடுங்குறதுக்கும் கொழுந்துக்கும் ஒரே சொல்லா? அப்ப தொர நம்மள என்னத்தப் புடுங்கச் சொன்னாருனு அவருக்கே தெரிஞ்சிருக்காது புள்ள."

ஒரு காலத்தில் பரீட்சையில் தவறியவர்களையும் அந்தச் சொல்லால் குறித்தார்கள் என்றதும் சிரிப்பு நின்றது. தான் எட்டாம் வகுப்போடு நின்றதை அவர் அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு, "பெயிலானா கொழுந்துக்குத்தான்னு வெள்ளக்காரனுக்கும் தெரிஞ்சிருக்கா" என்று மட்டும் சொல்லி அடுப்பைப் பார்க்கப் போனார்.

மறுநாள் என்னை மலைக்கு அழைத்துப் போனார். கொழுந்து எடுக்கும் கையை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அது என்ன செய்கிறது என்று கவனித்ததில்லை. கை இழுப்பதே இல்லை. கட்டைவிரல் சாய்கிறது, தண்டு தானாக முறிகிறது. "புடுங்குனா செடிக்குக் காயம். அடுத்த ரவுண்டுக்குத் துளிர்க்காது. அதுனாலதான் நாங்க எடுக்குறதுனு சொல்றது" என்றார். வேரில் இழுத்தல் இருக்கிற ஒரு சொல், இழுக்கவே கூடாத ஒரு வேலைக்குப் பெயராகிவிட்டது. என் ஆய்வின் நான்காம் அத்தியாயம் முழுவதும் இதுதான். என்னைப் பாராட்டியவர்கள் எல்லோரும் அந்த அத்தியாயத்தையே பாராட்டினார்கள்.

நான் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "எம் பேரப் போடுவியா? எம் மகளுக்குக் காட்டணும்." போடுவேன் என்றேன்.

போடவில்லை. விடுதியில் என் அப்பா தோட்டத்து அலுவலகத்தில் வேலை செய்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். ராஜேஸ்வரி, கொழுந்து எடுப்பவர், எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்று எழுதினால் நான் லயத்துப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். 'அனுபவமுள்ள ஒரு தொழிலாளி' என்று எழுதினேன். வகுப்பில் ஆய்வை வாசித்தபோது, அந்தத் தொழிலாளியை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒரு தோழி கேட்டாள். தோட்டத்து அலுவலகம் ஏற்பாடு செய்து தந்தது என்றேன்.

பட்டத்தோடு ஊருக்கு வந்த அன்று அவர் முதல் ஆளாக வந்து நின்றார். "எங்க, காட்டு" என்றார். ஆய்வின் நன்றிப் பக்கத்தைத் திறந்தேன். நூலகர் ஒருவரின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்து, "இதுதான் அக்கா" என்றேன். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரலை அவர் சேலையில் துடைத்துவிட்டு, அந்த வரியின் மேல் மெதுவாக வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அழகா இருக்கு" என்றார்.

அடுத்த நாள் பெரட்டில் கங்காணி தொடங்கி எல்லோரிடமும் சொன்னார், தன் பெயரைப் பிள்ளை இங்கிலீசுப் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று. உங்களில் பலர் அதைக் கேட்டிருப்பீர்கள். சிலர் வந்து என்னை வாழ்த்தினீர்கள். நானும் தலையாட்டினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மகள் தர்ஷினியிடம் உண்மையைச் சொல்லப் போனேன். உயர்தர வகுப்பில் படிக்கிற பிள்ளை. நான் பாதி சொல்வதற்குள், தெரியும் அக்கா என்றாள்.

"அம்மாவுக்கு அன்னைக்கே தெரியும். மாசா மாசம் சம்பளச் சீட்டுல அம்மா பேரு இங்கிலீசுலதான் வரும். அந்த எழுத்து எப்புடி இருக்கும்னு அதுக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து சொல்லுச்சு, அது எம் பேரு இல்லனு. யாருகிட்டயும் சொல்லாத, படிச்ச புள்ள, அதுக்கு அங்க என்ன சங்கடமோனு சொல்லுச்சு."

இந்த மலையில் சம்பளச் சீட்டு வாங்குகிற எவருக்கும் தன் பெயரின் ஆங்கில வடிவம் தெரியும். என் அம்மாவுக்கும் தெரியும். லயத்தில் பிறந்த நான் அதை மறந்திருந்தேன். வாசிக்கத் தெரியாதவர் என்று அவரைக் கணக்கிட்டேன். அவரோ அந்த வரியைப் பார்த்த கணத்திலேயே என்னை முழுதாக வாசித்துவிட்டு, மறுநாள் பெரட்டில் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்.

அதனால், அவர் சொல்லி நீங்கள் கேட்டது உண்மையல்ல. என் ஆய்வில் அவர் பெயர் எங்கும் இல்லை. அந்தப் பொய் என்னுடையது, அவருடையதல்ல. அந்த ஆய்வில் நல்லதாக இருப்பதைச் சொன்னவர் முத்தையா ராஜேஸ்வரி. இந்தத் தோட்டத்தில் இருபத்து மூன்று வருடங்கள் கொழுந்து எடுத்தவர். என் அடுத்த வீட்டுக்காரர்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய கொப்பி இன்னும் இருக்கிறது. முதல் பக்கத்தில் அவர் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, தர்ஷினியிடம் நீட்டினேன். அவள் திறந்து பார்த்தாள். மூடினாள். திருப்பித் தந்தாள்.

"நீங்களே வச்சிருங்க அக்கா" என்றாள்.

வைத்திருக்கிறேன்.